மணத்துக்காகக் காளானில் கலப்பினம் உருவாக்குவது

சிப்பிக் காளானில் தொடங்குங்கள். மொட்டுக் காளானின் வித்துகள் பெரும்பாலும் துணை தேடாமலே முளைத்துக் காளான் விட்டுவிடும். கலப்பு செய்பவர் பாடு திண்டாட்டம். சிப்பியில் ஒற்றை வித்து முளைத்து வரும் இழை பொதுவாகத் துணை சேர்ந்தால்தான் காளான் விடும்.

மணத்தில் வேறுபட்ட இரண்டு ரகங்களை எடுத்து, குடைகளை, அடியில் உள்ள மடல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, அலுமினியத் தாளில் ஒரு இரவு வையுங்கள். உதிர்ந்த வித்தைக் கிருமி நீக்கிய நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நான்கைந்து முறை நீர்த்து, மால்ட் அகார் (காளான் இழை வளரும் கூழ்) தட்டில் ஒரு சொட்டு பரப்புங்கள். 25 டிகிரியில் வைத்துத் தினமும் லென்ஸ் வழியே பாருங்கள். தனியாக நிற்கும் புள்ளியை, அது பக்கத்துப் புள்ளியைத் தொடுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். இழையின் குறுக்குச் சுவர் பக்கத்தில் சின்னக் கொக்கி தெரிந்தால் அது ஏற்கெனவே ஜோடி சேர்ந்தது, தூக்கிப் போடுங்கள். முதல் தடவை நான் இதைப் பார்க்கவில்லை. பதினெட்டுத் தட்டு 'கலப்பு', மூன்று மாத உழைப்பு. கடைசியில் எல்லாம் பழைய தாயேதான்.

அப்புறம், ஆளுக்கொரு தாயின் ஒற்றை இழைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் நான்கில் ஒரு ஜோடிதான் பொருந்தும். ஒரு வாரம், பத்து நாளில் கொக்கி தெரிந்தால் கல்யாணம் முடிந்தது. அந்த ஜோடியை வைக்கோலில் வளர்த்துக் காளான் வரும்வரை பொறுத்திருங்கள்.

தட்டை முகராதீர்கள், வேறு பூசணம் மூக்கில் ஏறலாம், தட்டின் மணமும் குடையின் மணமும் வேறு. சோம்பு வாசம் அடித்த ஒரு தட்டில் மயங்கினேன். காளான் வந்தபோது நனைந்த காகித வாசம்.

காளானுக்கே உரிய மணம் 1-ஆக்டீன்-3-ஆல். அது முழுக் காளானில் தயாராகக் காத்திருப்பதில்லை. சதை கிழியும்போது நொதிகள் லினோலியிக் அமிலத்தை உடைத்து அதை உண்டாக்குகின்றன. ஆகவே பத்து கிராம் நசுக்கி, கிண்ணத்தை மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். எந்த ரகம் என்பதற்கான எண்ணை வேறொருவர் கிண்ணத்தின் அடியில் எழுதட்டும். நான்கு கிண்ணத்துக்கு மேல் மூக்கு பொய் சொல்லும். ஒரே வைக்கோலில் வளர்ந்த, முதல் அறுவடைக் காளான்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஷீட்டாக்கே என்றால் உலர்த்தி ஊறவைத்த பிறகே தீர்ப்பு. அதன் கந்தக மணம் அப்போதுதான் கூடும்.

தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றை இழைகளை எறிந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப மாற்றி நட்டால் ரகம் சோர்ந்துபோகும். என் ஏழாம் எண் கலப்பின் பெற்றோர் இழைகள் இரண்டும் 4 டிகிரியில், தனித்தனிக் குழாயில் இருக்கின்றன. ரகம் சோர்ந்தபோது இரண்டு முறை அவற்றை மறுபடி சேர்த்துவிட்டேன்.