மூடிய கணக்கில் பிடித்த மினிமம் பேலன்ஸ் அபராதத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

வேலை மாறினால் பழைய சம்பளக் கணக்கு சில மாதங்களில் சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும். மினிமம் பேலன்ஸ் அபராதம் ஏறி, இருப்பு மைனஸுக்குப் போகும். மூடப் போனால் அந்த மைனஸையும் கட்டச் சொல்வார்கள். கட்டி மூடிய பிறகும், விதியை மீறிப் பிடித்ததைக் கேட்கலாம். கட்டிய சலானின் கவுண்டர்ஃபாயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

1. ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். நெட் பேங்கிங் இருக்காது. கணக்கு எண்ணும் பான் நகலும் கொடுத்துக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குப் பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கி வைத்திருந்தே ஆக வேண்டும்.

2. அபராத வரிகளை மட்டும் கூட்டுங்கள். அதன்மேல் போட்ட 18% ஜிஎஸ்டி பல ஸ்டேட்மெண்ட்களில் தனி வரியாக இருக்கும், அதையும் சேருங்கள். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணத்தைக் கலக்க வேண்டாம். கீழே சொல்லும் விதி அதற்குப் பொருந்தாது.

3. பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். ‘கட்டணம் அதிகம்’ என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு. ஓம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) அதில் தலையிட மாட்டார். விதிமீறல் என்று எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கை 1.4.2015 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி இருப்பு குறைந்ததும் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். குறைந்த தொகையின் விகிதத்தில்தான் அபராதம் போட வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே இருப்பு மைனஸாகக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் தொடாமல் செயலற்றுப் போன கணக்கில் இந்த அபராதமே கிடையாது.

புகாரில் இருப்பு மைனஸானதை முதலில் வையுங்கள், அதற்கு ஸ்டேட்மெண்டே சாட்சி. ‘நோட்டீஸ் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால், பழைய எண்ணுக்கு எஸ்எம்எஸ் போனதாகப் பதிவைக் காட்டிவிடுவார்கள்.

4. புகாரை மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. பணம் வர வேண்டிய வேறு கணக்கின் எண், ஐஎஃப்எஸ்சி, கேன்சல் செய்த காசோலை மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே இணையுங்கள். இல்லையென்றால், பணம் தர ஒப்புக்கொண்ட பிறகும் ‘கணக்கு மூடியிருப்பதால் வரவு வைக்க முடியவில்லை’ என்று இழுக்கும்.

5. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் உடனே ஓம்புட்ஸ்மேனுக்கான புகாரை ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார்த் தளத்தில் பதியுங்கள். கட்டணம் கிடையாது. வங்கிக்கு அனுப்பிய புகாரின் நகல் இல்லாவிட்டால் விசாரிக்காமலே முடித்துவிடுவார்கள். இணையம் ஒத்துவராதவர்கள் சண்டிகர் செக்டர் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம்.