வன்னி வெக்கையில் ஹொட் ரோய்ஸ்: நிறுத்துவதும் விலை மதிப்பதும்

ஹொட் ரோய்ஸ் என்பது சினிமாப் பாத்திரங்களைச் சேகரிப்புப் பொம்மைகளாகச் (ஃபிகர்) செய்யும் ஹொங்கொங் நிறுவனம். நிஜ ஆளின் ஆறிலொரு பங்கு அளவில் வரும் அதன் ஃபிகர் ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். பெரும்பாலானவற்றில் முப்பது மூட்டுகளாவது இருக்கும். எந்த மூட்டை எவ்வளவு காலம் மடித்து வைத்தீர்கள் என்பது விற்கப்போகும் நாளில் விலையில் தெரியும். ஆடியில் தகரக் கூரையின் வெக்கை, கச்சான் காற்று அள்ளிவரும் கிரவல் புழுதி, ஐப்பசி தொடங்கி மாரி ஈரம் என்று மூன்றும் வன்னியில் ஒரே அலுமாரிக்குத்தான் வந்து சேரும். ஆகவே நிறுத்தும்போதே மதிப்பையும் யோசிக்க வேண்டும்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சூட்கேசில் பாரமும் இடமும் குறைக்க முதலில் எறியப்படுவது வெளி மண்ணிறப் பெட்டி. அதை மடித்து அடியில் வைத்தால் போதும். அது இல்லாத ஃபிகருக்கு வாங்குபவர் விலை குறைத்துத்தான் கேட்பார்.

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுக்கும் முன் படமெடுங்கள். எது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அதிகம் உடைவது ஃபிகரின் கையைக் கழற்றி, பெட்டியில் வரும் வேறு கையைப் பூட்டும்போதுதான். கையையும் முன்னங்கையையும் இணைக்கும் முளை மெல்லியது. கையின் றப்பர் இறுகியிருக்கும்போது முறுக்கி இழுத்தால் முளை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, அரை நிமிடமளவு கையை மட்டும் சூடாக்குங்கள். பிறகு முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். புதிய கையையும் அப்படியே சூடாக்கிப் பூட்டுங்கள். முறிந்த துண்டு கைக்குள் நின்றால் மீண்டும் சூடாக்கி, நுனி மெல்லிய குறட்டால் எடுக்கலாம். பெட்டிக்குள் மேலதிக முளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபிகர்களுக்கு அவை கூடவே வரும்.

நிறுத்துவதைப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். பாதத்துக்கு அடியில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் கணுக்கால் சரியாகத் திரும்பவில்லை. தொப்புளிலிருந்து கீழே விழும் கோடு இரண்டு பாதங்களுக்கும் இடையில் விழ வேண்டும். ஒரு காலில் பாரத்தை ஏற்றி, மற்ற முழங்காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அந்தப் பக்கத் தோளைச் சற்று இறக்குங்கள். இவ்வளவிலேயே பொம்மைத்தனம் போய் உயிர் வந்துவிடும். தலை மார்பு பார்க்கும் திசையையே பார்க்கக் கூடாது. உயரத் தட்டில் வைப்பதானால் முகத்தைக் கொஞ்சம் கீழே சாயுங்கள், அப்போதுதான் பார்ப்பவரின் கண்ணைச் சந்திக்கும். அயன்மேன் போன்ற கவச ஃபிகர்களில் தோள்தகட்டை முதலில் வெளியே விலக்கிய பிறகே கையை உயர்த்துங்கள். இல்லாவிட்டால் தகடு உரசிப் பெயின்ற் போகும்.

ஸ்பைடர்மேனைக் குந்த வைக்க எல்லோருக்கும் ஆசைதான். துணி உடை அதைத் தாங்கும். றப்பர் உடையும் செயற்கைத் தோலும் தாங்காது: முழங்கால், முழங்கை மடிப்புகளில் முதலில் வெள்ளைக் கோடு விழும், பிறகு வெடிக்கும். அப்படியான உடை என்றால் குந்த வைத்துப் படமெடுத்துவிட்டு அன்றைக்கே நிமிர்த்திவிடுங்கள். தாங்கியின் கவ்வி உடையில் படும் இடத்தில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். பிளாஸ்ரிக் உறை செயற்கைத் தோலில் அழுந்திக் கிடந்தால் தடம் விழும்.

கண்ணாடி அலுமாரி யன்னலுக்கு நேரே வேண்டாம். வெயிலில் வெள்ளைப் பிளாஸ்ரிக் மஞ்சளாகும், வெக்கையில் பீவீசி இளகிக் கணுக்கால் மெல்லச் சாயும். மாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, ஈரப்பதத்தை 45 முதல் 55 வீதத்துக்குள் வைத்திருக்கப் பாருங்கள். விளக்கு எரியும் ஃபிகரில் பற்றரியை உள்ளே விடவே கூடாது. கசிந்து பச்சை, வெள்ளைப் பூச்சுப் பிடித்தால் காதுக் குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உப்புக்காற்றில் தொடுமுனைகள் கெதியாய்க் கறள் பிடிக்கும்.

இனி மதிப்பு. பெட்டியிலுள்ள இலக்கத்தைக் குறியுங்கள். எம்எம்எஸ் (மூவி மாஸ்டர்பீஸ் சீரீஸ் என்ற சினிமா வரிசை) எண்ணுக்குப் பின்னால் டி என்று வந்தால் அது உலோகப் பாகங்கள் கலந்த டைகாஸ்ட். ஒரு கையைக் கிடையாக நீட்டி ஐந்து நிமிடம் விடுங்கள், தானாக இறங்கினால் மூட்டுத் தளர்ந்துவிட்டது. ஃபோன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து மூக்கு நுனி, காது, அக்குள், முழங்கை உட்பக்கம் ஆகியவற்றில் பெயின்ற் உரசலைத் தேடுங்கள். முகம் மினுங்கி, இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம் பார்த்தால் போலியாக இருக்கலாம். பெட்டியில் உரிமக் குறிப்பையும் அச்சின் தெளிவையும் பாருங்கள்.

"திறக்காத பெட்டி" என்பதை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். செயற்கைத் தோலிலுள்ள பொலியூரித்தேன் ஈரத்தில் தானாகவே சிதையும். தொடாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போக உரியும். பழைய தோலுடை ஃபிகர் என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் பூசிச் சரிசெய்ய முடியாது.

விலைக்கு ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்கும் விலை ஆசைதான். அதே நிலையில் அண்மையில் விற்ற ஐந்தாறில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவிலுள்ளதை எடுங்கள். குறையும் கை, ஆயுதம், தாங்கி ஒவ்வொன்றும் தனியாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துக் கழியுங்கள். அதே பாத்திரம் புதிய பதிப்பாக வந்துவிட்டால் பழையதன் விலை பெரும்பாலும் இறங்கும். தபால் செலவும் சுங்கமும் வாங்குபவர் கணக்கு, அவற்றை மதிப்பில் சேர்க்காதீர்கள்.

விற்றபின் கொழும்புக்குப் பஸ் பார்சலில் அனுப்புவதானால் பற்றரியைக் கழற்றி, கைகால்களை நேராக்கி, முதல் எடுத்த படத்தைப் பார்த்து அதே பள்ளங்களில் வையுங்கள். மண்ணிறப் பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி, இடையில் நாலு பக்கமும் 5 செ.மீ. குமிழித் தாள்.