மேமோகிராமில் ஏஐ: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, மெஷின் விற்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஏஐ-யையும் சேர்த்தே பேசுகிறார்கள். படிப்பு முடித்து நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வேலைக்கு வரும் இளம் ரேடியாலஜிஸ்டுகள் அதை வைத்துச் செய்யும் தவறுகளைப் பார்த்தால், பழைய கணினி உதவி மென்பொருளை நம்பி எங்கள் தலைமுறை செய்தவையே திரும்பி வந்தது போல இருக்கிறது. இடது வலது மாற்றிப் பதிவது, பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைப்பது மாதிரியான சங்கதிகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பவுடரைத் துடைக்காமல் படம் எடுப்பது

நம்மூர் வேர்வைக்கு பவுடர் போடாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. அக்குளில் ஒட்டியிருக்கும் டால்கம் பவுடர் படத்தில் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகளாக விழும். பார்த்தால், சில சமயம் புற்றுநோயின் அடையாளமாக இருக்கும் சுண்ணாம்புப் படிவு மாதிரியே இருக்கும். ஏஐ அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடும். அதைக் காதில் வாங்கிய அக்கா ஒரு வாரம் தூங்க மாட்டார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்தால் தீர்ந்தது.

படத்துக்குள் வராததை ஏஐ பார்க்கும் என்று நினைப்பது

பார்க்காது. சாய்வுப் படத்தில் மார்புத் தசை முலைக்காம்பு மட்டம் வரை இறங்கியிருக்க வேண்டும், கீழ் மடிப்பு விரிந்து தெரிய வேண்டும். கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொண்டு நிற்கும் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசி அவரைத் தளர வைப்பது பெண் டெக்னீஷியனின் வேலை. அதற்கு அவருக்கு நேரம் கொடுக்காத சென்டரில் எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் ஒன்றுதான்.

கட்டி இருக்கிறது என்று வந்த பெண்ணுக்கு ஸ்கோரைப் பதிலாகக் கொடுப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

கருங்கல் பக்கத்து அம்மா ஒருவர். அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு உரிக்கிறவர், வயது நாற்பதுகளில். குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஒரு சென்டருக்குப் போயிருக்கிறார். மேமோகிராம் எடுத்தார்கள். படிவத்தில் ‘என்ன பிரச்சினை’ என்ற இடத்தில் யாரோ ‘ஸ்கிரீனிங்’, அதாவது தொந்தரவு எதுவும் இல்லாத வழக்கமான பரிசோதனை, என்று எழுதிவிட்டார்கள். புற்றுநோய்க்கான சந்தேகம் எவ்வளவு என்று ஏஐ போடும் ஸ்கோர் குறைவாக வந்தது. நார்மல், ஒரு வருடம் கழித்து வரவும் என்று ரிப்போர்ட். கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை, அல்ட்ராசவுண்டும் செய்யவில்லை.

எங்களிடம் அவர் வந்தபோது தோல் உள்ளே இழுக்க ஆரம்பித்திருந்தது. “கம்ப்யூட்டரும் ஒண்ணும் இல்லேன்னு சொல்லியாச்சுன்னு சொன்னாவ டாக்டரே, அதான் பேசாம இருந்தேன்” என்றார். படுக்க வைத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்த உடனே தெரிந்தது: ஓரம் கரடுமுரடாக, அகலத்தை விட உயரம் கூடிய கறுப்புக் கட்டி, பின்னால் நிழல். அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. சதை எடுத்துச் சோதித்த பயாப்ஸி புற்றுநோய் என்றே வந்தது.

அந்தப் பழைய மேமோகிராமை வாங்கி நானும் பார்த்தேன். நிஜமாகவே அதில் ஒன்றும் தெரியவில்லை. மார்பகத் திசுவின் அடர்த்தி டி வகை, இருப்பதிலேயே அதிகம்; படம் முழுக்க வெள்ளை. ஏஐ தப்புச் செய்யவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய எரிச்சல். மேமோகிராம் ஏஐ பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்கு வரும் பெண்களின் படங்களை வைத்துச் சோதிக்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு அது பதில் சொன்னது. இந்த அம்மாவின் கேள்வி வேறு. அதை யாரும் காதில் வாங்கவே இல்லை.

அடர்த்தியான திசு மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், புற்றுக் கட்டியும் வெள்ளைதான். தேங்காய்ப்பாலுக்குள் தேங்காய்ச் சில்லைத் தேடுவது மாதிரி. வயது குறையக் குறைய அடர்த்தி கூடுதலாக இருக்கும். லோபுலார் வகைப் புற்றுநோய் இன்னும் மோசம். அதன் செல்கள் கட்டியாகத் திரளாமல் வரிசையாக ஊர்ந்து போவதால் படத்தில் பிடிபடாமலே இருந்துவிடும்.

ஆகவே, கட்டி என்று ஒரு பெண் சொன்னால் முப்பது வயதுக்குக் கீழே அல்ட்ராசவுண்ட்தான் முதலில். நாற்பதைத் தாண்டியவருக்கு மேமோகிராமும் எடுங்கள், கட்டி உள்ள இடத்தில் அல்ட்ராசவுண்டும் செய்யுங்கள். இடைப்பட்ட வயதில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். மேமோகிராம் எடுக்கும்போது கட்டி மேல் சின்ன உலோக மணி ஒட்டினால் படிக்கிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். இரண்டும் சுத்தமாக இருந்தும் கையில் சந்தேகமாகத் தட்டுப்பட்டால், பயாப்ஸி வேண்டுமா என்பதை சர்ஜன் முடிவு செய்யட்டும். இதில் எந்தப் படியையும் ஸ்கோரைக் காட்டித் தாண்ட முடியாது. “மேடம், ஸ்கோர் ரொம்பக் கம்மி” என்று என்னிடம் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கை வைத்துப் பார்த்தாயா?

முதலில் ஏஐ, அப்புறம் கண்

மேலே சொன்ன கதைக்குப் பின்னால் இந்தப் பழக்கமும் உண்டு. 2023-ல் ‘ரேடியாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 27 ரேடியாலஜிஸ்டுகளுக்கு 50 மேமோகிராம்களைக் கொடுத்து, ஏஐ சொன்னது என்று ஒரு பைராட்ஸ் எண்ணையும் (படத்தில் புற்றுநோய் சந்தேகம் எவ்வளவு என்று ரேடியாலஜிஸ்ட் தரும் தர எண்) கூடவே காட்டினார்கள். சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறான எண். சரியான எண் காட்டியபோது சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்ன அனுபவம் குறைந்தவர்கள், தவறான எண் காட்டியபோது 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் 82-லிருந்து 45-க்கு வந்தார்கள். அனுபவம் கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுக்க இல்லை.

புதுக் கதையும் இல்லை இது. மேமோகிராமுக்கான முதல் கணினி உதவி மென்பொருளை, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ 1998-ல் அனுமதித்தது. நாடெங்கும் பரவிய பிறகு 2007-லும் 2015-லும் வந்த பெரிய ஆய்வுகள், அதனால் துல்லியம் கூடவில்லை என்றன.

முதலில் நீங்களே படியுங்கள், எண்ணை எழுதுங்கள், பிறகு ஏஐ-யைத் திறங்கள். அது புதிதாக ஓர் இடத்தைக் காட்டினால் திரும்பப் போய்ப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில் அது குறி போடவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் சந்தேகத்தை அழிக்காதீர்கள்.

ஸ்வீடன் கணக்கை இங்கே ஒப்பிப்பது

நான் ஏஐ-க்கு எதிரி இல்லை. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மாசாய் ஆய்வின் முதல் முடிவுகள் 2023-ல் வந்தன: படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களும் குறையவில்லை, ஏஐ இல்லாத குழுவில் 203, ஏஐ குழுவில் 244. நல்ல செய்திதான். ஆனால் அங்கே வழக்கமாக ஒரு படத்தை இரண்டு டாக்டர்கள் படிப்பார்கள், அதில் ஒருவரின் வேலையைத்தான் பெரும்பாலும் குறைத்தார்கள். நம்மிடம் இருப்பதே ஒருவர். வருகிறவர்களிலும் பலர் கட்டியோடு வருகிறவர்கள். ‘ஸ்வீடனிலேயே நிரூபித்துவிட்டார்கள்’ என்று சேல்ஸ்காரர் சொன்னால் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய படத்தைக் கேட்காமல் இருப்பது

திருவனந்தபுரத்திலோ நெய்யூரிலோ முன்பு எடுத்தது வீட்டு பீரோ மேல் சுருண்டு கிடக்கும். கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஃபிலிமை போனில் போட்டோ எடுத்து ஆப்பில் போடுவது

வேண்டாம். அரை மில்லிமீட்டருக்கும் சின்னப் புள்ளிகள் வாட்ஸ்ஆப்பில் கசங்கிப் போகும். போதாக்குறைக்கு மூலையில் பெயரும் வயதும் இருக்கும். நம் ஊர்களில் ஆளை அடையாளம் காண அது போதும்.

பிரசவ ஸ்கேனில் ஆட்டோ பட்டனை நம்புவது

மேமோகிராமை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன், இதே பிள்ளைகள்தான் பிரசவ ஸ்கேனும் பார்க்கிறார்கள். குழந்தையின் தலை அளவு, தொடை எலும்பு எல்லாவற்றுக்கும் மெஷினே கோடு போடுகிறது. கோடு மண்டை ஓட்டின் மேல்தான் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தேதி. முதல் மூன்று மாதத்தில் உச்சி முதல் புட்டம் வரை அளந்து குறித்த பிரசவத் தேதியை, எட்டாம் மாத ஸ்கேனில் மெஷின் காட்டும் புதுத் தேதியால் மாற்றக்கூடாது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு மாமியார் வளைகாப்பு நாளையே மாற்றப் பார்த்த வீடு எனக்குத் தெரியும். அளவுகளை வைத்துக் கருவின் வயதைக் கணக்கிட மெஷின்களில் பரவலாக இருக்கும் ஹாட்லாக் சூத்திரம் அமெரிக்கப் பெண்களை அளந்து உருவானது. நம் நாட்டுக் கர்ப்பிணிகளின் அளவை வைத்து சென்னை ஐஐடி-யும் ஃபரிதாபாத்தில் உள்ள டிஎச்எஸ்டிஐ என்ற ஆராய்ச்சி நிறுவனமும் 2024-ல் கர்பிணி-ஜிஏ2 என்ற ஏஐ மாதிரியை வெளியிட்டன. உங்கள் மெஷினில் எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்று செட்டிங்கில் பாருங்கள்.

கருவின் பாலினம்

மென்பொருள் சொன்னாலும், வாய் சொன்னாலும், ஜாடை காட்டினாலும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெப்பப் பட முகாம்கள்

மார்பின் சூட்டைப் படமாக்கும் வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்று இல்லை.

ரிப்போர்ட்டில் ஏஐ பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவது

ஏஐ பயன்படுத்தியிருந்தால் அந்தப் பெண்ணிடம் வாயாலும் சொல்லுங்கள், ரிப்போர்ட்டிலும் எழுதுங்கள். மென்பொருளின் பெயரோடு வெர்ஷன் எண்ணும் வேண்டும். கம்பெனி அப்டேட் போட்டால் அதே படத்துக்கு ஸ்கோர் மாறலாம். போன வருடம் 12, இந்த வருடம் 30 என்று வந்தால், மாறியது மார்பகமா மென்பொருளா என்று அடுத்துப் படிக்கிறவருக்கு அந்த வெர்ஷன் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.