மார்பகப் புற்றுநோய்: வீட்டுல எப்படி செக் பண்றது, ரிஸ்க்கை எப்படி குறைக்கிறது

வலிக்கலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு கட்டியை மாசக்கணக்குல விட்டுடுறவங்க நிறைய பேர். ஆனா ஆரம்பத்துல வர்ற கேன்சர் கட்டி பெரும்பாலும் வலிக்காது, வில்லங்கமே அங்கதான். அதே சமயம் கையில தட்டுப்படுற கட்டி முக்கால்வாசி கேன்சரும் இல்ல, நீர்க்கட்டி, நார்க்கட்டின்னுதான் இருக்கும். எது எதுன்னு தடவிப் பார்த்து முடிவு பண்ண முடியாது, டெஸ்ட் எடுக்கணும்.

ஸ்டெப் 1: நாள் பாருங்க
பீரியட்ஸ் முடிஞ்சு மூணு நாலு நாள் கழிச்சு பாருங்க. பீரியட்ஸுக்கு முன்னாடி ஹார்மோனால மார்பு கனத்து அங்கங்க திரடு தட்டும், அப்ப பார்த்தா வீண் பயம்தான். மெனோபாஸ் ஆனவங்க மாசத்துல ஏதாவது ஒரு தேதிய வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: கண்ணாடி முன்னாடி
கையை இடுப்புல அழுத்தி, அப்புறம் மேல தூக்கிப் பாருங்க. எங்கயாவது குழி விழுதா, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆயிருக்கா, காம்பு புதுசா உள்ள இழுத்திருக்கா, காம்புல ஆறாத புண்ணோ ரத்தக் கசிவோ இருக்கா? ரொம்ப நாளாவே ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசுன்னா விடுங்க, முக்காவாசி பேருக்கு அப்படித்தான்.

ஸ்டெப் 3: படுத்துக்கிட்டு
வலது பக்கம் பார்க்க வலது தோளுக்கு அடியில தலகாணி, வலது கை தலைக்குப் பின்னாடி. இடது கையோட நடு மூணு விரலை வச்சு, நகம் படுற நுனியால இல்ல, ரேகை இருக்குற சதைப் பகுதியால, சின்னச் சின்ன வட்டமா தேய்ங்க. ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, கடைசியா விலா எலும்பு தட்டுற அளவுக்கு. அக்குள்ல ஆரம்பிச்சு நடு நெஞ்சு வரைக்கும், காரை எலும்புக்கும் மார்போட கீழ் மடிப்புக்கும் நடுவுல மேலயும் கீழயுமா போங்க. அந்த மடிப்புல கெட்டியா ஒரு விளிம்பு தட்டும், அது எல்லாருக்கும் இருக்குறதுதான். அடுத்து இடது பக்கம்.

இத மட்டும் பண்ணிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. ஷாங்காய்ல 2.6 லட்சத்துக்கு மேல பெண்களை வச்சு பண்ண ஆய்வுல (2002ல வெளியாச்சு) சுய பரிசோதனை கத்துக்கிட்டவங்க கிட்ட இறப்பு ஒண்ணும் குறையல. அப்ப எதுக்கு இதுன்னா, உங்க உடம்போட நார்மல் எதுன்னு தெரிஞ்சாதான் புதுசா வந்தது கண்ணுல படும்.

ஸ்டெப் 4: ரிஸ்க்கை எடை போடுங்க
வயசு, 12க்கு முன்னாடி பீரியட்ஸ், 55க்கு மேல மெனோபாஸ், இதெல்லாம் நம்ம கையில இல்ல. பரம்பரையா வர்றது 5-10 சதவீதம்தான், அதனால எங்க வீட்ல யாருக்கும் இல்லைன்னு அலட்சியமா இருக்க முடியாது. ஆனா அம்மா, அக்காவுக்கு சின்ன வயசுலயே வந்திருந்தா பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் (பரம்பரையா ரிஸ்க்கை கூட்டுற ஜீன் மாற்றம் இருக்கான்னு பார்க்குறது) வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆம்பளைங்களுக்கும் வரும், அபூர்வமா.

நம்ம கையில இருக்குறது: மது (கொஞ்சம்தானேன்னாலும் ரிஸ்க் கூடும்), மெனோபாஸுக்கு அப்புறம் ஏறுற வெயிட் (அப்ப ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் கொழுப்புலதான் அதிகம் உற்பத்தி ஆகும், அது கூடினா ரிஸ்க்கும் கூடும்), வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, முடிஞ்ச வரைக்கும் தாய்ப்பால் கொடுக்குறது. பிரா, டியோடரண்ட் மேல பழி போடுறது வெறும் வதந்தி.

ஸ்டெப் 5: மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே)
40 தாண்டினவங்க எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட பேசுங்க, 50லருந்து 69 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கச் சொல்றது பரவலா இருக்கு. புதுசா கட்டி தட்டுப்பட்டா வயசு பார்க்காம உடனே போங்க. டெஸ்ட் அன்னிக்கு பவுடர், டியோடரண்ட் போடாதீங்க, அதுல இருக்குற துகள் படத்துல சுண்ணாம்புப் புள்ளி (சில சமயம் கேன்சரோட அறிகுறியா இருக்குற கால்சியம் படிவு) மாதிரி விழுந்து, தேவையில்லாம இன்னொரு தடவை எடுக்க வச்சிடும்.