மீட்ட ஏரியில் மீன் எண்ணப் போகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் ஏரிக்கு வந்த மாணவர்களின் நோட்டில் "ஜிலேபி 14, கெண்டை 6" என்று மட்டும் இருந்தது. எத்தனை வீச்சு, எந்த வலை, எந்த இடம், எதுவுமே இல்லை. என் முதல் நோட்டும் இப்படித்தான் இருந்தது. அதனால்தான் இந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

வீச்சுவலையை மட்டும் நம்புவது

வெங்காயத்தாமரையை அள்ளித் தூர் வாரிய முதல் வருடம் ஏரியில் செடியே கிடையாது. வலை வட்டமாக விரியும், ஈயக்குண்டு தரையைத் தொடும், பத்து வீச்சில் அரை வாளி மீன். மூன்றாம் வருடம் வேலம்பாசி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அதே வலை, அதே ஆள். வலை பாசிமேல் கூடாரம் மாதிரி உட்கார்ந்தது. அடியில் மீன் நழுவிவிட்டது. நான் "மீன் குறைந்துவிட்டது" என்று அறிக்கை கொடுத்தேன். பாசிதான் காரணம் என்று முடிவெடுத்து, ஒரே வாரத்தில் கரையோரம் முழுக்க அரித்தெடுத்தார்கள். கரையில் கிடந்த குவியலைக் கிளறினேன். கைப்பிடிப் பாசிக்கு ஐந்தாறு மீன்குஞ்சுகள், நகத்தளவு, சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. மீன் குறையவே இல்லை. இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. பாசி எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்கு அப்போது வேறொருவர் நோட்டில் இருந்தது. நான் கேட்டு வாங்கிப் பார்க்கவே இல்லை.

வெட்டவெளியில் வீச்சுவலை, செடிக்குள் பறி (மீன் பிடிக்கும் கூடை). இரண்டையும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். எத்தனை வீச்சு, கண்ணி அளவு என்ன, பறி எத்தனை மணி நேரம் நீரில் இருந்தது என்று குறியுங்கள். மீன் எண்ணும் இடத்திலேயே ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போட்டு, செடி எவ்வளவு மூடியிருக்கிறது, ஆழம் எவ்வளவு என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பறியின் தலை நீருக்கு மேலே நிற்கட்டும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். பறி முழுக்க மூழ்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

விராலைப் பார்த்ததும் "நீர் நல்ல நீர்" என்பது

ஆக்சிஜன் அற்றுப்போன நீரிலும் விரால் பிழைக்கும்.

ஆக்சிஜனை மத்தியானம் அளப்பது

விடியுமுன் அளந்து பாருங்கள், அப்போதுதான் அது மிகக் குறைவாக இருக்கும்.

கொசு மீனையும் முண்டக்கண்ணியையும் சேர்த்து எண்ணுவது

முண்டக்கண்ணி நம் மீன். உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும். கொசு மீன், அதாவது கம்பூசியா, 1928-இல் கொசுவை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்குப் பொட்டு கிடையாது. தட்டில் நீரோடு விட்டு மேலிருந்து பாருங்கள்.

ஈர வலையோடு அடுத்த ஏரிக்குப் போவது

கூடவே கூடாது. வெங்காயத்தாமரையின் ஒரு துண்டு தண்டு போதும். வாளியையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு பெண் ஜிலேபி, வாளியில் விட்ட சிறிது நேரத்தில், வாயிலிருந்து குஞ்சுகளைத் துப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.