பி.எம். கிசான் பணம் வரவில்லையா? முதலில் பட்டாவைப் பாருங்கள்

எங்கள் இ-சேவை மையத்துக்கு வருகிற விவசாயிகள் பலரும் கேட்பது, "இரண்டாயிரம் ஏன் வரவில்லை?" என்பதுதான். நான் முதலில் பட்டாவை வாங்கிப் பார்ப்பேன். பி.எம். கிசான் என்பது மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஆனால் அது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவருக்குக் கிடையாது. வெயிலில் நிற்பவர் ஒருவர், பணம் பெறுபவர் இன்னொருவர்! எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் மாற்றிவிடுங்கள். 1.2.2019க்குப் பிறகு நிலம் வாங்கியவர் சேர முடியாது. வாரிசாகப் பெற்றவர் சேரலாம். வருமான வரி கட்டியவர்கள் ஆசைப்பட வேண்டாம். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டது அம்பலமாகி, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள்.

பட்டா சரியென்றால், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். மறந்துபோன பழைய கணக்கில் பணம் விழுந்திருக்கும். இ-கே.ஒய்.சி., அதாவது பணம் பெறுபவர் நீங்கள்தான் என்று ஆதார் வழியாக உறுதிசெய்வது, முடிந்ததா என்றும் பாருங்கள். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவர்கள் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம்.

உங்கள் ஊரில் யாரெல்லாம் வாங்குகிறார்கள் என்பதை பி.எம். கிசான் இணையதளத்தின் பயனாளிகள் பட்டியலில், மாவட்டம், வட்டாரம், கிராமம் கொடுத்து யாரும் பார்க்கலாம்.