ஆறாத கால் புண்ணுக்கு அழுத்தக் காலுறை: மாட்டும் முறை

அப்பா 30 வருடம் டீ மாஸ்டர். நின்றே ஓடிய பிழைப்பு. இடது கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மேலே வந்த புண்ணுக்கு அவர் போடாத களிம்பு இல்லை. ஆறுவது போலக் காட்டும், மறுபடி நீர் வடியும். கோளாறு தோலில் இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை ரத்தக்குழாயின் வால்வுகளில். அவை சரியாக மூடாததால் மேலே ஏற வேண்டிய ரத்தம் கணுக்காலில் தேங்கி, கால் வீங்கி, தோல் கறுத்து, லேசாக இடித்துக்கொண்டாலே புண்ணாகிவிடுகிறது. அந்தத் தேக்கத்தை அழுத்தி மேலே ஏற்றுவதுதான் கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் என்ற அழுத்தக் காலுறையின் வேலை. கணுக்காலில் பிடி அதிகம், மேலே போகப் போகக் குறையும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் டாக்டரிடம். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.8 முதல் 1.3 வரை என்றால் பொதுவாக முழு அழுத்தம் தரலாம். 0.5-க்குக் கீழே என்றால் காலுக்கு வருகிற ரத்தமே குறைவு. அங்கே போய் இறுக்கினால் காலையே இழக்க நேரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) கெட்டித்துப்போய் இந்தக் கணக்கு பொய்யாக நன்றாக இருப்பதாகக் காட்டும், கவனம். இதயக் கோளாறு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எதை வாங்குவது

புண் ஆறக் கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் வேண்டும். ஒரே உறையில் அவ்வளவு இருந்தால் மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் இரண்டடுக்கு செட்: உள்ளே மெல்லியது, அது இரவிலும் இருக்கும், மேலே கெட்டியானது, படுக்கும்போது கழற்றிவிடலாம். பிரிட்டனில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், பாதிப் பேருக்குப் புண் ஆற இந்தக் காலுறையில் 99 நாள், நாலு அடுக்காகச் சுற்றும் பேண்டேஜ் கட்டு போட்டவர்களுக்கு 98 நாள். ஆக, மூன்று மாதப் பொறுமை வேண்டும். நீர் அதிகம் வடிந்தாலோ கால் மிகவும் வீங்கியிருந்தாலோ முதலில் கட்டுதான்.

அளவைக் காலையில் எழுந்ததும் எடுங்கள், வீக்கம் ஏறும் முன். கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம்.

மாட்டுவது

முதல் நாள் மேல் விளிம்பைப் பிடித்து வேட்டி இழுப்பது போல இழுத்தேன். “ஏம்மா, காலைத் தனியா கழட்டிடுவ போலிருக்கே” என்றார் அப்பா. சரியான முறை வேறு.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். புண் மேல் மெல்லிய டிரெஸ்ஸிங் போதும். மெல்லிய உறையை மாட்டியாயிற்றா? இப்போது கெட்டி உறைக்குள் கையை விட்டு, குதிகால் பகுதியை உள்ளிருந்து கிள்ளிப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பாதப் பகுதி மட்டும் சின்னப் பை மாதிரி உள்ளே நிற்கும். அதில் விரல்களை நுழைத்து, உறையின் குதிகால் சரியாகக் குதிகாலில் உட்காரும்வரை ஏற்றுங்கள். இது கோணினால் மேலே எல்லாமே கோணும். அப்புறம் மீதியைக் கணுக்கால் மேல் புரட்டிவிட்டு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக நீவி மேலே தள்ளுங்கள். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்துங்கள். நீளம் மிஞ்சுகிறதே என்று மேலே மடித்துவிடக் கூடாது. மடிப்பும் சுருக்கமும் கயிறு கட்டியது மாதிரி இறுக்கும்.

விரல் திறந்த வகை என்றால் பாதத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் கவரைப் போட்டு, அதன் மேல் உறையை ஏற்றிவிட்டு, கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம்.

கால்விரல் நீலம் பாய்ந்தாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, வலி கூடினாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அதன் பிறகு

நடங்கள்; கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் ஏறும். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு மாட்டாதீர்கள், எலாஸ்டிக் கெடும். புண் ஆறினாலும் வால்வு பழுது அப்படியேதான் இருக்கிறது, அதனால் டாக்டர் சொல்லும் அளவில் காலுறை தொடரும். ஆறு மாதத்துக்குள் பிடி தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். அப்பாவுக்கு இரண்டு செட் இருக்கிறது: ஒன்று காலில், ஒன்று பால்கனிக் கொடியில்.